மின்னளவியைச் சோதித்தல்

மின்னளவி நூற்றுக்கு இரண்டு பங்கு மிகுத்துக் காட்டினும், வீட்டார் செலவழிக்காத மின்சாரத்திற்குப் பணம் கட்ட நேரும். ஆதலால் அதனைச் செந்தர அளவியோடு ஒப்பிட்டுச் சோதிப்பர். 230 வோல்ட்டில் 100 ஆம்பியர் செலுத்திப் பார்ப்பதாயின், 23,000 வாட் திறன் வெப்பமாய் வீணாகுமன்றோ? இவ்விடத்தே மின்னோட்டப் பெருக்கி துணைசெய்கிறது. சிறியதொரு மின்னழுத்தத்தை அதற்கு நேர்விகிதமான பெரும் மின்னோட்டமாக அது மாற்றித் தரும். அளவியின் இரு வழிகளையும் பிரித்து, அழுத்த வழிக்கு 230 வோல்ட்டைத் தனியே கொடுப்பர். ஓட்ட வழியில் பெருக்கி 100 ஆம்பியரைச் செலுத்தும். அவ்வழியின் தடை மிகச் சிறிது. ஓரிரு வோல்ட்டே போதும். அளவியோ முழுச்சுமையையும் தாங்குவதாகவே கணக்கிடும்!

கம்பிகள் பருத்தும் குறுகியும் இருத்தல் வேண்டும். பிணைப்புத் தளர்ந்தால் முனை கருகும். இயக்குவோர் சுழியில் தொடங்கிப் படிப்படியாக ஓட்டத்தை உயர்த்துவர். கம்பியைக் கழற்றுமுன் மீண்டும் சுழிக்கு இறக்குவர். ஓடும் மின்னோட்டத்தை இடையில் அறுத்தால் தீப்பொறி பறந்து கருவியே பழுதுறக்கூடும்.