டெல்லி டு சான் பிரான்சிஸ்கோ: 1,400 கி.மீ அதிகம் பறந்தும் சீக்கிரம் போய்ச் சேர்வது எப்படி?

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம் என்று கூகுளில் தேடினால், சுமார் 12,400 கி.மீ என்று வரும். விமானம் மணிக்கு 900 கி.மீ போகுமே, அப்போ 14 மணி நேரத்துக்குள் போயிடலாம்னு கணக்குப் போடுவோம். ஆனால் அந்த 12,400-ல் எந்த விமானமும் பறப்பதில்லை. அது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலைப் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் இமயமலையைத் தாண்டி, ஆர்க்டிக் பகுதி வழியாகப் போகும்.

நிஜத்தில் நடந்தது இது. ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லான்டிக் வழியாக மேற்கு நோக்கிப் பறந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, பசிபிக் வழியாகக் கிழக்கே கிளம்பியது. தூரம் 15,300 கி.மீ ஆனது. அதாவது 1,400 கி.மீ கூடுதல். ஆனால் பயண நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைந்து, 14.5 மணி நேரமானது!

காரணம் காற்று. சுமார் 10 கி.மீ உயரத்தில் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. மணிக்கு 160 கி.மீ-க்கு மேல் வீசுவதெல்லாம் அங்கே சர்வசாதாரணம். விமானம் அதோடு சேர்ந்து போனால் தள்ளிவிடும், எதிர்த்துப் போனால் இழுத்துப் பிடிக்கும். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு சுமார் 1,055 கி.மீ. இன்ஜின் வேகம் கூடவில்லை, காற்று கொடுத்த போனஸ்தான் அது. (பூமி கீழே சுற்றுவதால்தான் நேரம் மாறுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது.)

திரும்பும்போது? பசிபிக் வழியாகவே வந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் அட்லான்டிக் பக்கம், மறுபடியும் கிழக்கு நோக்கியே வரலாம். போக வர உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய மாதிரி!

காற்று மட்டுமல்ல, அரசியலும் நேரத்தை மாற்றும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்க விமானங்கள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னாவில் இறங்கிப் போயின.

அதனால் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது தூரத்தைப் பார்த்து கனெக்‌ஷன் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். அதே விமானம் கடந்த சில நாட்களில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று ஃப்ளைட் டிராக்கரில் பாருங்கள். இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். முதல் விமானம் லேட்டானால், அடுத்ததை ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 12.5 மணி நேரம் பின்னால். டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 14.5 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 6 மணிதான். பிக்கப் பண்ண வர்றவங்ககிட்ட தேதியை மாத்திச் சொல்லிடாதீங்க.