அரிவாள் வடிவக் குருதியணு

காசிமேட்டுத் துறைமுக வாயிலில் ஒரு விசைப்படகு குறுக்கே நின்றுவிட்டால், பின்வரும் படகுகளெல்லாம் தேங்குவதைக் கண்டிருப்பீர்கள். குருதிக் குழாயிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு.

1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுக்கூறு இருத்தலை அறிவித்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்கூறு வரப்பெற்ற குழந்தை நோயுறும். 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு, 10 முதல் 20 நாளிலேயே சிதைந்துவிடும்.

வளைந்த அணு அடைத்துக்கொள்வதே நோய் என்று நானும் வகுப்பில் கற்பித்ததுண்டு. அது பாதி உண்மையே. சிதைந்த அணுவிலிருந்து கசிவன குழாயின் உட்சுவரை அழற்சியுறச் செய்கின்றன. அச்சுவர் தார் பூசிய கரைபோல ஒட்டுந்தன்மை பெறுகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அதிற் பற்றிக்கொள்ள, குருதி உறைகிறது. காய்ச்சலும் குளிரும் நீர்க்குறைவும் இதைத் தூண்டுவன. எலும்பில் கடும் வலி தோன்றும். மூளைக் குழாய் அடைபட்டால் சிறு குழந்தைக்கும் பக்கவாதம் வரலாம்.

இதற்கு வழங்கப்பெறும் ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து, அணு வளையாதபடி காப்பதோடு, வெள்ளணுக்களைக் குறைத்து அழற்சியையும் தணிக்கிறது.