தோமையார் கேட்ட சாட்சி

1990களில் முள்ளியவளைப் பக்கம் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில்தான் வானொலி கேட்டோம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் வீடுகளும் மணிலாவிலிருந்து வந்த கத்தோலிக்க வானொலியான வெரித்தாஸுக்குக் காது கொடுத்தன. வெரித்தாஸ் என்றால் இலத்தீனில் உண்மை. சந்தைக் கதையை இரவுச் செய்தி வரும்வரை நம்பாத ஒரு பழக்கம் எங்களுக்கு இருந்தது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2018இல் நின்றுபோயிற்று.

வானொலி என்றால் புனிதம் என்று சொல்லவரவில்லை. கிறிஸ்தவர் பெரும்பான்மையான ருவாண்டாவில் 1994இல் ஆர்.டி.எல்.எம். வானொலி பொய்யையும் பகையையும் ஓதியது. கோயில்களில் அடைக்கலம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். ஒரே வேதத்தை வாசித்தவர்கள்தாம் இரு பக்கத்திலும்.

நம் நாட்டுக்கு அந்தச் சோதனை 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று வந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அன்றே முகநூலும் வட்சப்பும் முடக்கப்பட்டன. ஆனாலும் குடிநீரில் நஞ்சு என்ற கதை ஓடியது.

அடுத்த ஞாயிறு பொதுத் திருப்பலிகள் இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி தோமையாருடையது. கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லியும், காயத்தைக் காணாமல் நம்பேன் என்றவர் அவர். பிரசங்கங்களில் பெரும்பாலும் குறையுள்ளவராகவே வருகிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கேட்டது நற்செய்தியாக இருந்தும் அவர் சாட்சி கேட்டார். இயேசுவும் அவரை விரட்டவில்லை, காயத்தைக் காட்டினார். மயிலாப்பூர்வரை வந்தார் என்று மரபு சொல்லும் மனிதர், நமக்கு அந்நியருமல்லர்.

மே 5இல் நீர்கொழும்பில் கலவரம் மூண்டபோது கர்தினால் நேரில் போய், முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று மன்றாடினார். ஒரு வாரம்தான் கடந்தது. கத்தோலிக்கர் நிறைந்த சிலாபத்தில், முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: அதிகம் சிரியாதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில். யாரோ ஒருவருக்கு அளித்த மறுமொழி அது. வாசித்தவர்கள் அதை அடுத்த குண்டுக்கான முன்னறிவித்தலாக எடுத்தார்கள். பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல் விழுந்தது, ஊரடங்கு வந்தது.

இலக்கியம் படிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே பொய்ச் செய்தியை எவரும் புனையவில்லை. வரி மெய்யானது, வாசிப்புத்தான் பொய். கைதானவரோ, எழுதியவர்.