சிறையிலிருந்து கல்லூரிக்கு: வழியை மறிக்கும் காகிதங்கள்

அமெரிக்காவில் தண்டனை முடிந்து வெளியே வருபவர் கல்லூரியில் சேர நினைத்தால், மதிப்பெண்ணுக்கு முன்பே அவரை நிறுத்திவிடுவது பல கல்லூரிகளின் விண்ணப்பத்தில் உள்ள ஒரு சின்னக் கட்டம். ‘நீங்கள் குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ என்று அது கேட்கும். ‘ஆம்’ என்று குறித்தால் குற்றப் பதிவேட்டின் நகல், சிறை அதிகாரி அல்லது பரோல் அதிகாரியின் கடிதம், நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை அலசிய ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ‘ஆம்’ என்று குறித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை என்றது அது. கல்லூரி அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களாகவே பாதியில் விட்டுவிட்டார்கள். நிராகரித்திருந்தால் எங்காவது பதிவாகியிருக்கும். இப்படி ஒதுங்கியவர்களை யார் எண்ணுவார்கள்? மறு ஆண்டே அந்தப் பல்கலைக்கழகம் பொது விண்ணப்பத்திலிருந்து அக்கேள்வியை எடுக்க முடிவுசெய்தது. பெரும்பாலான படிப்புகளுக்கு அப்படிக் கேட்கவே கூடாது என்று கலிபோர்னியா 2020-ல் சட்டம் போட்டது.

பணத்தின் கதை வேறு. ஏழை மாணவர்களுக்கான ‘பெல்’ உதவித்தொகையைக் கைதிகளும் பெற்றுவந்தார்கள். 1994 குற்றச் சட்டம் அதை நிறுத்தியதும், நாடெங்கும் சிறைக் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் மூடப்பட்டன. 2015-ல் ஒபாமா அரசு அதைச் சோதனை முறையில் மீட்டது. முழு உரிமை திரும்பியது 2023 ஜூலையில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே வந்தவர்களில் பலருக்கு, உள்ளே படிப்பைத் தொடங்கும் வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை.

பணமும் இடமும் கிடைத்தாலும் சிக்கல் தீராது. பரோல் அதிகாரியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் வகுப்பு இருக்கும். பழைய வழக்கைப் பார்த்து வீட்டு உரிமையாளர் கையை விரிப்பார். நீண்ட காலம் உள்ளே இருந்தவருக்கு, இணையத்தில் பாடம் பதிவுசெய்வதே புது வித்தை. கல்லூரி ஆலோசகருக்கு இதெல்லாம் புரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. இந்த வழியாக வந்தவருக்குத்தான் புரியும்.

ஜான் இர்வினுக்குப் புரிந்தது. ஆயுதக் கொள்ளைக்காக ஐந்தாண்டு சோலடாட் சிறையில் இருந்தவர். பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, சமூகவியல் பேராசிரியரானார். 1967-ல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் அவர் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் ரீபவுண்ட்’, உள்ளே இருக்கும்போதே கடிதம் எழுதுபவருக்குச் சேர்க்கைக்கான வழியைச் சொல்லும். சேர்ந்த பிறகு பாடநூல், சாப்பாடு, போக்குவரத்து என்று கைகொடுக்கும். அலுவலகத்தில் உதவுபவர்களிலும் முன்னாள் கைதிகள் உண்டு. இவ்வளவு பயனுள்ள ஏற்பாடு அந்தக் கல்லூரி அங்கம் வகிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களுக்குப் பரவத் தொடங்கியது 2016-ல்தான் என்பது வியப்பல்ல, வெட்கக்கேடு. பெர்க்லியில் முன்னாள் கைதிகளான மாணவர்களே 2013-ல் ‘அண்டர்கிரவுண்ட் ஸ்காலர்ஸ்’ அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

பட்டம் வாங்கியவருக்கு அடுத்த தடை தொழில் உரிமம். செவிலியர் போன்ற வேலைகளுக்கு உரிமம் தரும் வாரியங்கள் பழைய குற்றத்தைத் தோண்டும். ஏழாண்டு கடந்த பெரும்பாலான தண்டனைகளைக் காரணம் காட்டிப் பல வாரியங்கள் மறுக்க முடியாதபடி கலிபோர்னியா 2018-ல் சட்டம் இயற்றியது. கடுங்குற்றங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் எந்தப் படிப்பு என்று முடிவெடுக்கும் முன்பே, அந்தத் தொழிலின் வாரியம் தன் வழக்கை எப்படிப் பார்க்கும் என்று இவர்கள் விசாரித்தாக வேண்டும்.