நுவரெலியாத் தேயிலை: சுவை எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது?

ஷம்பெய்ன் என்பது பிரான்ஸில் ஒரு பிரதேசத்தின் பெயர். அங்கு விளையும் திராட்சையில் செய்யப்படும் நுரைக்கும் வைனுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மண்ணும் குளிரும்தான் அதன் சுவையைத் தீர்மானிக்கின்றன என்று நம்பப்படுகிறது. தேயிலை வியாபாரிகள் நுவரெலியாத் தேயிலையை 'இலங்கைத் தேயிலையின் ஷம்பெய்ன்' என்று அழைப்பதற்கும் இதுவே காரணம்.

மலையும் காற்றும்

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது.

நுவரெலியா நகரம் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கு இரவுக் குளிரில் கொழுந்து மெதுவாகவே வளர்வதால் வாசனை தரும் பொருட்கள் இலையில் செறிகின்றன. பீட்ரு போன்ற தோட்டங்களின் தேநீர் வெளிறிய பொன்னிறமாக, பூ வாசனையோடு இருக்கும். சற்றுக் கீழே ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் விளைவது டிம்புள தேயிலை. அதற்கு நிறமும் கனமும் கூட. இந்த மேற்குச் சரிவில் நல்ல தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்காலத்தில். கிழக்கே ஊவாவில், கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை.

எதோடு குடிப்பது?

நுவரெலியாத் தேயிலைக்குப் பால் வேண்டாம். பாலிலுள்ள புரதம் தேநீரின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய வாசனையும் அமுங்கிவிடும். பட்டர் பூசிய பாண், வெள்ளரிக்காய் சான்ட்விச், காரமில்லாத மீன் ஆகியவை இதற்குப் பொருந்தும். வடை, றோல்ஸ் போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்கு டிம்புள தேயிலையில் போட்ட பால் தேநீர் நல்லது. தாழ்நிலத்துக் கடும் சாயத்துக்குப் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பது சரியான சோடி.

யாழ்ப்பாணத்தில் இதே தேயிலை கறுத்து, மேலே ஆடை படர்ந்து, வாசனையின்றிப் போவதுண்டு. பழுது தேயிலையில் இல்லை. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கிணற்றுத் தண்ணீரிலுள்ள கல்சியம் தேயிலைச் சாயத்தோடு சேர்வதால் அப்படி ஆகிறது. வடிகட்டிய தண்ணீரையோ மழைநீரையோ கொதிக்கவைத்து, கோப்பைக்கு 2 கிராம் போட்டு, 3 நிமிடம் மூடிவைத்துப் பாருங்கள்.

கோப்பைக்கு எத்தனை சதம்?

இலங்கையில் உற்பத்தியாகும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. கொழுந்து பறிக்கும் பெண் லயத்தில் ரொட்டிக்கும் சம்பலுக்கும் குடிப்பது பெரும்பாலும் தூள் தேயிலைதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலரை கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால் ஒரு கிலோ தேயிலையாகும். அப்படியானால் அவர் பறித்ததில் கிடைப்பது 4 கிலோ, அதாவது 2000 கோப்பைத் தேநீர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. அந்த 1350 ரூபாவை வைத்துப் பார்த்தாலும் கோப்பைக்கு 70 சதம்கூட வரவில்லை. குறித்த கிலோ சேராத நாளில் அரைப்பேர்தான்.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு காலம் மாறவில்லை என்பதற்கு ஒரு முக்கிய காரணம் அரசியலில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை வழங்கியது. வாக்கு இல்லாதவரின் சம்பளம் எந்தத் தேர்தலிலும் பேசுபொருளாவதில்லை.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. இறுதிப் போர் அவர்களை அங்கும் விடவில்லை. ஆகவே வன்னியில் நாம் குடிக்கும் பிளேன்ரீயின் கதை ஏதோ தூரத்து மலையின் கதையல்ல. பக்கத்து வளவில் இருப்பவரின் பாட்டி பறித்த கொழுந்தின் கதையாகவும் இருக்கலாம். நல்ல தேயிலையை இனங்காணத் தெரிந்துகொள்வோம். அதன் விலையில் பறித்தவருக்குச் சேர்வது எவ்வளவு என்றும் கேட்போம்.