ஒரு தீவு, இரண்டு இறங்குதுறை

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனால் இரண்டு இறங்குதுறைகள் உண்டு: ஒன்று நாகபூசணி அம்மன் கோயிலுக்கு, மற்றது நாகதீப விகாரைக்கு.

இரண்டு தலங்களின் கதையிலும் நாகர் வருகிறார்கள். மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்களைச் சமாதானப்படுத்த, ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் நாகதீபத்துக்கு வந்தார் என்கிறது மகாவம்சம். கோயில் கதையோ, அருகிலுள்ள புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக்கொண்டு கடல் நீந்திவந்த பாம்பையும் வழிமறித்த கருடனையும் பற்றியது. ‘பாம்பு சுற்றிய கல்’, ‘கருடன் கல்’ இரண்டும் இன்றும் கடலில் நிற்கின்றன.

வழிபாடு வேறுதான். கோயிலில் அர்ச்சனை, ஆனி மாதக் கொடியேற்றம், தேர். விகாரையில் தேரோட்டம் இல்லை. முழுநிலாப் போயா நாளில் பூவும் விளக்கும், பிக்குமார் ஓதும் பிரித்தும்.

ஆனால் சோற்றுக்கு வந்தால் சங்கதி சுவையானது. அம்மன் அடியாருக்கு அன்னமிடும் சபையின் பெயர் அமுதசுரபி. அமுதசுரபி என்பது மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி மணிமேகலை மணிபல்லவத் தீவில் பெற்ற அன்னப் பாத்திரம்; அந்தக் காப்பியமோ பௌத்த காப்பியம். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது நம் பக்கத்தில் பலர் கொண்ட கருத்து. பெயரைக் கடன் வாங்கியதாக அங்கே பந்தியில் இருப்போர் யாரும் நினைப்பதில்லை.