பதிவேட்டில் ‘ஒருமனதாக’

ஆத்தூர் காமராஜர் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திண்டுக்கல்லில் குழாயடியில் நிற்கிறவர்களைக் கேட்டால், “மலையில இருந்துதான்” என்று மேற்கே கையைக் காட்டுவார்கள். பதில் சரிதான். ஆடலூர், பன்றிமலைப் பக்கம் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி அணையில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு பங்கு நகரத்துக் குழாய்க்கும் மற்றது கண்மாய்களுக்கும் குடகனாற்றுக்கும் போகிறது. அந்த மலையில் யார் இருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டால் காப்பி, மிளகு, மலைவாழை என்று பதில் வரும். பளியர் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள் என்று சொல்கிறவர் அபூர்வம்.

கீழ்ப்பழனி மலைக் குடி ஒன்றில், பெரியவர் ஒருவர் வள்ளிக்கிழங்கு எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொடியைப் பிடித்து, அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். கம்பியை நேராக இறக்கவில்லை, ஒரு சாண் தள்ளிக் குத்தினார். மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டார். முதலில் முழங்கை வரை போன கை, அப்புறம் தோள் வரை உள்ளே போனது. கிழங்கு வெளிவந்ததும், கொடியோடு ஒட்டிய தலையை நாலு விரல் அளவுக்கு விட்டு மிச்சத்தை அறுத்துக்கொண்டார். எடுத்த மண்ணையே குழிக்குள் தள்ளி, தலையைக் கொடியோடு அதில் வைத்து மிதித்தார். “அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும் சாமி” என்றார். தலையையும் சேர்த்து எடுத்தால் யாரும் கேட்பார்களா என்றேன். என்ன கேட்கிறேன் என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்கு உத்தரவு போட ஆளில்லை. பளியர் வாழ்க்கையில் வெளியாட்களுக்குப் பிடிபடாத இடம் இதுதான். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். ஒருவர் இன்னொருவரை அடக்கியாளாமல் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே அளவில் மரியாதை கொடுக்கும் வழக்கத்தை அவர் 1966-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பெற்றோர்கூடப் பிள்ளைகளிடம் அதட்டி வேலை வாங்குவதில்லை. இருவருக்குள் சண்டை மூண்டால் அடிதடிக்குப் போகாமல் ஒருவர் விலகிப் போய்விடுவார். இதமாகப் பேசியோ சிரிக்க வைத்தோ தணிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும், அதிகாரம் இருக்காது. எதிரில் நின்று மறுத்துப் பேசுவது அங்கே பண்புக்குறைவு.

இப்போது இந்தப் பண்பை ஒரு கிராமசபைக்குள் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

நான் போயிருந்த ஊராட்சியின் பெயர் வேண்டாம். மலையில் பல ஊராட்சிகளில் நிலைமை இதுதான். குடியிருப்பிலிருந்து நடந்து, பிறகு ஜீப் பிடித்து வந்த பளியர்கள், ஷாமியானாவுக்கு வெளியே சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் தோட்டக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும். தீர்மானங்கள் வேகமாகப் படிக்கப்பட்டன. “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்றார்கள். சுவரோரத்தில் இருந்த பெண்கள் இருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் வழக்கத்தில் அதுதான் ஆட்சேபணை. பதிவேட்டில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினார்கள். கையெழுத்தும் கைநாட்டும் வாங்கப் பதிவேடு சுவரோரத்துக்கும் வந்தது.

இந்த மலையைப் பற்றிய எச்சரிக்கையை நான் ‘ஒருமனதாக’ என்ற அந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். மறுத்துப் பேசாதவர்களின் மௌனம் சம்மதமாக எழுதப்படும்வரை, மலையைக் காக்க அவர்களுக்குச் சட்டம் கொடுத்த எந்த அதிகாரமும் அவர்கள் கைக்கு வராது.

அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. 2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், பழங்குடிகள் வழிவழியாகப் பாதுகாத்து வந்த காட்டைத் தொடர்ந்து பாதுகாக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அதன் 5-ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்பு மண்டலங்களும் நீர் ஆதாரங்களும் காக்கப்படுவதை உறுதிசெய்ய கிராமசபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆத்தூர் அணைக்கு மேலே இருக்கும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் வேண்டியதில்லை. சரணாலயத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், 2013-ல் 608.95 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் இது தாமதமாகத்தான் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பட்டா வழங்க முடியாமல் போனது. உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது 2016-ல். அதற்குப் பிறகும் வீட்டடி நிலத்துக்கான தனிநபர் பட்டாதான் மேடைகளில் அதிகம் கைமாறியது. மொத்தக் காட்டுக்கான சமூக வன வள உரிமை பின்வரிசைக்குப் போனது. தனிநபர் பட்டா ஒரு குடும்பத்தைக் காக்கும். ஓடையைக் காப்பதற்கு மற்றது வேண்டும்.

பளியருக்கு வேறு கவசமும் இல்லை. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் கிடையாது. ஆகவே பழங்குடிப் பகுதிகளில் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த மாநிலத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களிலும் பளியர் இல்லை. வன உரிமைச் சட்டமும் அதன் கிராமசபையும் நழுவினால் பிடித்துக்கொள்ள அடுத்த கிளை இல்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, வன உரிமை கேட்ட மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்சேபணை சொல்லாத ஒரு மனுதாரருக்கு நிராகரிப்புக் கடிதம் எவ்வளவு கனமானது என்பதை அந்த இரண்டு வாரம் காட்டிவிட்டது.

அடுத்த ஆபத்து இதைவிட நுணுக்கமானது. அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும், தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பிரதிநிதி வேண்டும், வியாபாரிக்குத் தேனையும் கடுக்காயையும் விலை பேச ஓர் ஆள் வேண்டும். அதனால் தலைவர் இல்லாத குடியில் ஒருவரைத் ‘தலைவர்’ ஆக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் கொஞ்சம் படித்த, கீழே போய்வரப் பழகிய இளைஞர். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போடும் கையெழுத்து குடி முழுவதன் சொல்லாகக் கோப்பில் ஏறிவிடுகிறது.

இதன் முடிவு எங்கே போகும் என்பதற்குக் கனடா சாட்சி. அங்கே ‘ரிசர்வ்’ என்றால் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம். நம் ஊரில் 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் கொண்டுவந்த ‘ரிசர்வ்’, அரசு தனக்காக ஒதுக்கிக்கொண்டு அங்கே இருந்தவர்களின் புழக்கத்தைச் சுருக்கிய காடு. சொல் ஒன்று, பொருள் நேரெதிர். ஆனாலும் தலைமை விஷயத்தில் இரண்டு அரசுகளும் ஒரே வேலையைச் செய்தன. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கனடா அரசு தன் வசதிக்கேற்ற தேர்தல் மன்றங்களைப் பூர்வகுடிகள்மேல் வைத்தது. வெட்சுவெட்டன் மக்களின் நிலத்தில் எரிவாயுக் குழாய் போடும் திட்டம் வந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள். 2020-ல் அந்தப் பிளவு நாடு முழுக்க ரயில் மறியலாக வெடித்தது. ஒரே மக்களுக்குள் யார் சொல் செல்லும் என்ற கேள்விக்கு, நூற்றைம்பது ஆண்டுகளாகியும் அங்கே தெளிவான பதில் இல்லை.

இதற்கிடையில் மலை காத்திருக்கவில்லை. பழனி மலையின் மேல்பகுதியில் 1973-ல் ஏறத்தாழ 373 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி, 2014-ல் 124 ஆகச் சுருங்கியதாக 2018-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோப்புகளும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. புல்வெளியும் சோலையும் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் ஏற்பாடு. கீழ்மலையில் காப்பிக்கு நிழல் தந்த நாட்டு மரங்களின் இடத்தில் சில்வர் ஓக் வரிசைகள் நிற்கின்றன. காட்டோரங்களில் உண்ணிச்செடி. அந்த முட்புதருக்குள் வள்ளிக்கொடியைத் தேடவும் முடியாது, கோடையில் அது காய்ந்தால் தீயை நிறுத்தவும் முடியாது. கிழங்கின் தலையைத் திரும்ப வைக்கத் தெரிந்த பெரியவரின் பேரன் விடிந்ததும் எஸ்டேட் கூலிக்குப் போகிறான். அவனுக்குக் கொடி தெரியாது.

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அணைத் தண்ணீரில் கண்மாய்களுக்குப் போகும் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, குடகனாற்றுக்கு எவ்வளவு என்று சமவெளியில் விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் பங்கு பிரிக்க முதலில் மலை தண்ணீரை விட வேண்டும்.

வழி தெரியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு ஊர், 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. அங்கே கை தூக்கி எண்ணிக்கை பார்ப்பதில்லை. எல்லாரும் ஒப்பும்வரை பேசுகிறார்கள். ஒருவர் ஒப்பவில்லை என்றால் முடிவு தள்ளிப்போகும். பளியர் பண்புக்கு இந்த முறை ஒட்டும். இன்னும் பக்கத்தில், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளகர் பழங்குடியினர் 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை வாங்கினார்கள். வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் வைக்கும் சிறு தீயைத் தடுத்ததால்தான் உண்ணிச்செடி பரவியது என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் இன்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

திண்டுக்கல்லில் செய்ய வேண்டியதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வன உரிமைக் கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்தில் நடத்தாமல் குடியிருப்பில் நடத்த வேண்டும். 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் அதற்கு இடம் தருகின்றன. வன உரிமைக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஒரே அமர்வில் முடிக்காமல் இரண்டு மூன்று முறை போய், எழுந்து வெளியே போனவர்கள் ஏன் போனார்கள் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். வன உரிமை மனுக்களை முடிவுசெய்யும் மாவட்ட அளவிலான குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். கோட்டக் குழுவும் வருவாய்த் துறை அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

23.5 அடி உயரமுள்ள ஆத்தூர் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது மழைக்காலத்தில் உள்ளூர்ச் செய்தியாக வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே, அணைக்கு மேலே உள்ள குடிகளில் அந்த மாதம் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்ற கணக்கும் வர வேண்டும்.